ஸாஜிதா டீச்சர் ஒரு கவிஞரை இரண்டு முறை அழைத்த கதை

எத்தாளையில் கடலுக்குக் கிட்டவாக இருக்கிற அந்தச் சின்னப் பாடசாலையில் ஸாஜிதா டீச்சருக்கு இது பத்தொன்பதாவது வருடம். இந்தப் பத்தொன்பது வருடத்தில் நாலு அதிபர்கள் வந்து போய்விட்டார்கள். நாலாம் வகுப்பும் டீச்சரும் மட்டும் அப்படியே இருக்கிறார்கள்.

டீச்சரைப் பற்றி ஊரில் யாரிடம் கேட்டாலும் இரண்டு விஷயம் சொல்வார்கள். ஒன்று, கடிதம். தண்ணீர்த் தாங்கி வேண்டுமா, உடைந்த கதிரைக்குப் பதில் புதுக் கதிரை வேண்டுமா, டீச்சர் கடிதம் எழுதுவார். பதில் வராவிட்டால் திரும்ப எழுதுவார். மூன்றாவது கடிதத்துக்கும் அசையாத ஆள் இன்னும் பிறக்கவில்லை என்பது அவருடைய நம்பிக்கை. மற்றது, சோற்றுச் சட்டி. எங்களூரில் சாவு விழுந்த மவுத்து வீட்டில் மூன்று நாளைக்கு அடுப்பு மூட்டுவதில்லை, அக்கம்பக்கத்தார்தான் சமைத்துக் கொண்டுபோய்க் கொடுப்பார்கள். மையத்தைக் குளிப்பாட்ட ஆள் வருவதற்கு முன்பே ஸாஜிதா டீச்சரின் சட்டி அந்த வீட்டுப் படியில் ஏறியிருக்கும். நல்ல மனசு, அதை யாரும் மறுக்க முடியாது. ஆனால் அந்த நல்ல மனசுக்குக் கொஞ்சம் அவசரம் அதிகம். அந்த அவசரம்தான் இந்த முறை அவரை வேண்டாத பாடு படுத்தியது.

சிலாபத்துப் பக்கம் லோறன்ஸ் என்று ஒரு பெரியவர் இருக்கிறார். முப்பது வருடம் பஸ்ஸில் கொண்டக்டராக இருந்தவர். ஓய்வு எடுத்த பிறகு பிள்ளைகளுக்குப் பாட்டு எழுதத் தொடங்கி, இரண்டு சின்னப் புத்தகமும் போட்டிருக்கிறார். எல்லாம் சிரிப்புப் பாட்டு. நாலாம் வகுப்புப் பிள்ளைகள் அந்தப் புத்தகங்களை ஒற்றை கழன்று விழும்வரை படித்துத் தீர்த்துவிட்டார்கள். இந்த மனிதரை எப்படியாவது ஒருநாள் பாடசாலைக்குக் கூட்டிவர வேண்டும் என்று டீச்சருக்கு ஆசை. அவரோ முழங்கால் நோ என்றார், பஸ் மாற ஏலாது என்றார், நான் டிக்கட் கிழித்தவன், எனக்கு என்ன மேடை என்றார். மூன்று வருடம் இழுபட்டு, ஒருவழியாக இந்த வாசிப்பு மாதத்துக்கு ஓம்பட்டார். ஒக்டோபரில் மூன்றாவது வியாழன் என்று நாள் குறித்தாயிற்று.

விழாவுக்கு என்ன பாட்டு என்று டீச்சர் கேட்டபோது வகுப்பே ஒரே குரலில் கத்தியது, 'மீன் பிடிக்கப் போன மாமா' என்று. அந்தப் பாட்டு இதுதான்:

மீனைப் பிடிக்க மாமா போனார்
மீசை முறுக்கிப் போனார்
வீசிப் போட்ட வலைக்குள் தானே
விழுந்து மீனாய் ஆனார்!

தூக்கிப் பார்த்த பாரைக் குஞ்சு
தும்மித் தும்மிச் சிரித்தது
செதிலும் இல்லை வாலும் இல்லை
சீச்சீ என்ன மீனிது?

தராசில் வைத்து நிறுத்துப் பார்த்த
சுறா தலையைச் சொறிந்தது
ஐயோ இதற்கு விலையே இல்லை
அலையில் தூக்கி எறிந்தது!

உருண்டு புரண்டு கரைக்கு வந்தார்
உடுப்பைப் பிழிந்து கட்டினார்
சோறு போடு பசிக்குதென்று
சொந்தக் கதவைத் தட்டினார்!

மாமாவாக நடிக்கத் தெரிவானவள் ஸம்ஹா. ஆளைப் பார்த்தால் விரல் அளவுதான், குரலோ கரையில் நின்று கூப்பிட்டால் படகுக்குக் கேட்கும். சிரட்டைக் கரியைத் தேங்காய் எண்ணெயில் குழைத்து டீச்சரே அவளுக்கு மீசை வரைந்து பழக்கினார். 'தும்மித் தும்மிச் சிரித்தது' என்ற இடத்தில் அவள் பாட்டை நிறுத்த வேண்டும், சபை சிரித்து முடிந்த பிறகுதான் தொடர வேண்டும் என்று சொல்லிக் கொடுத்திருந்தார்.

ஸம்ஹாவின் வாப்பா ஹில்மி, ஃபைபர் படகில் கடலுக்குப் போகிறவர். ஒருநாள் காலை பழைய வலைத் துண்டு ஒன்றைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு பாடசாலை வாசலுக்கு வந்தார்.

"டீச்சர், இது உங்கட நாடகத்துக்கு. மீசைய விழாவுலதான் எனக்குக் காட்டுவாளாம், ஆனா பாட்டுப் பழகத் தொடங்கின நாள்ல இருந்து மகள் வூட்டுல எல்லாரையும் அதட்டிக்கிட்டுத் திரியிறா. உம்மாக்காரி படுற பாடு எனக்குத்தான் தெரியும்."

"விழாவுக்கு வருவீங்கதானே?"

"வராம? அண்டைக்குக் கடலுக்கு லீவு, டீச்சர்."

அடுத்து வந்த திங்கட்கிழமை விடியலில் ஹில்மி கடலுக்குப் போனார். கூடப் போகிறவனுக்குக் காய்ச்சல், அதனால் தனியாகப் போனார். கச்சான் காற்று ஓய்ந்து கடல் குளம் மாதிரிக் கிடந்த நாள். பகல் வந்திருக்க வேண்டியவர் வரவில்லை. அஸர் தொழுகை நேரத்துக்கும் வரவில்லை. மறுநாள் எத்தாளையிலும் மாம்புரியிலும் இருந்து படகுகள் தேடப் போயின. உச்சமுனை ஆட்களும் சேர்ந்துகொண்டார்கள். கடற்படைக்கும் சொல்லியாயிற்று. ஆளையும் காணவில்லை, படகையும் காணவில்லை. ஒரு கேன், ஒரு மிதப்புக் கட்டை, ஒன்றுமே இல்லை. ஐந்தாம் நாள் தேடப் போனவர்கள் ஒவ்வொருவராகத் திரும்பி வந்து தங்கள் தங்கள் தொழிலுக்குப் போனார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது, அவர்கள் வீட்டிலும் உலை கொதிக்க வேண்டுமே.

அந்த வாரம் முழுக்க ஸம்ஹா பாடசாலைக்கு வந்தாள். தலை வாரி, பர்தா குத்தி, பாடசாலை வீட்டுவேலையும் செய்து கொண்டு வந்தாள். அவள் உம்மா அஸ்ரியா அவளை ஒருநாள்கூட மறிக்கவில்லை. வகுப்பில் பிள்ளைகள் அவளுக்குப் பக்கத்தில் குரலைத் தாழ்த்திக் கதைத்தார்கள். பாட்டுப் பழக்கத்தை டீச்சர் நிறுத்திவிட்டார். எப்படிப் பழக்குவது? வலைக்குள் விழுந்து மீனாய் ஆனார் என்று அந்தப் பிள்ளையின் வாயால் எப்படிச் சொல்ல வைப்பது? இரவெல்லாம் அந்த வரி தலைக்குள் சுற்றிச் சுற்றி வந்து அவரைத் தூங்கவிடவில்லை. நான்தான் இந்தப் பாட்டுக்குத் தலையாட்டினேன், நான்தான் அந்தப் பிள்ளைக்கு மீசை வைத்தேன் என்று மனசு அரித்தது.

சனிக்கிழமை டீச்சர் அதிபர் அத்தாஉல்லா சேருக்குத் தொலைபேசி எடுத்தார். "ஊர் கிடக்கிற கிடையில இப்ப என்ன சிரிப்பு, டீச்சர்? நிப்பாட்டுறதுதான் மரியாத," என்றார் அவர். லோறன்ஸ் ஐயாவுக்கும் டீச்சர் விஷயத்தைச் சொன்னார். விழா நிற்கிறது என்றும் சொன்னார். அவர், "அந்தப் பாட்டா, டீச்சர்?" என்று மட்டும் கேட்டு வைத்துவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை டீச்சர் சமைத்தார். சோறு, பருப்பு, கத்தரிக்காய், முட்டைப் பொரியல். மீன் வேண்டாம் என்று யோசித்துத்தான் முட்டை. கடலில் போன மனிதன் வீட்டுக்கு மீன் கொண்டுபோவது எப்படி என்று அவ்வளவு தூரம் யோசித்தவர், அதற்கு ஒரு படி முன்னால் நின்று யோசிக்கவில்லை. சட்டியை வெள்ளைத் துணியால் மூடிக் கட்டி, ளுஹர்த் தொழுகைக்குப் பிறகு அஸ்ரியாவின் படியேறினார்.

அஸ்ரியா கதவைத் திறந்தாள். அவளும் ஒரு காலத்தில் டீச்சரிடம் நாலாம் வகுப்புப் படித்தவள்தான். கையில் அகப்பை இருந்தது. சட்டியைப் பார்த்தாள், வெள்ளைத் துணியைப் பார்த்தாள்.

"இது என்ன, டீச்சர்?"

"சோறு, புள்ள. நீங்க சமைக்கிற நெலமையில இருக்க மாட்டீங்கண்டு..."

"எங்கட வூட்டுல அடுப்பு எரியுது, டீச்சர். வந்து பாருங்களேன்."

டீச்சர் பார்த்தார். அடுப்பில் மீன் ஆணம் கொதித்துக்கொண்டிருந்தது. மேசையில் மூன்று சோற்றுக் கோப்பை வைத்திருந்தது. மூன்றாவது கோப்பையை ஒரு மூடியால் மூடியிருந்தாள்.

"ஆரு மவுத்தாப் போனது எங்கட வூட்டுல?" அஸ்ரியாவின் குரல் உயரவில்லை. அதுதான் டீச்சருக்குத் தாங்க முடியாமல் இருந்தது. "புருசன் மவுத்தானவள் மாதிரி வெள்ள உடுத்தி இத்தா இரிக்கச் சொல்லி ரெண்டு பொம்புளைகள் காலையில வந்து போனாங்க. மௌலவியே தகவல் ஒண்டும் இல்லாம அப்பிடிச் சொல்ல ஏலாது, பொறுத்திருங்கண்டு சொல்லியிருக்கிறார். நீங்களும் வந்துட்டீங்க. நீங்க படிச்ச ஆளுண்டு நெனச்சன்."

அஸ்ரியாவுக்குப் பின்னால் ஸம்ஹா நின்றாள். டீச்சரின் சட்டி எந்தெந்த வீட்டுக்குப் போகும் என்று ஊரில் ஒன்பது வயதுப் பிள்ளைக்கும் தெரியும். அவள் சட்டியைப் பார்த்துக்கொண்டே நின்றாள். இத்தனை நாளும் அழாத பிள்ளையின் முகம் டீச்சரின் கண்முன்னாலேயே உடைந்தது.

டீச்சர் சட்டியைத் திரும்பத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தார். அந்தச் சோற்றை என்ன செய்வது என்று தெரியவில்லை. கொட்ட மனம் வரவில்லை, தின்னவும் இறங்கவில்லை. இருப்பவனை, அல்லது இருக்கிறானோ இல்லையோ என்று அல்லாஹ்வுக்கு மட்டும் தெரிந்தவனை, நான் கொண்டுபோய் அடக்கிவிட்டு வந்திருக்கிறேன் என்று நினைத்து அழுதார். திங்கட்கிழமை ஸம்ஹா பாடசாலைக்கு வரவில்லை. செவ்வாயும் இல்லை, புதனும் இல்லை. வரவு இடாப்பில் அவள் பெயருக்கு நேரே வரவில்லை என்று குறிக்க டீச்சரால் முடியவில்லை. மூன்று நாளும் அந்தக் கட்டத்தை வெறுமையாகவே விட்டார்.

வியாழக்கிழமை, விழா நடந்திருக்க வேண்டிய நாள். காலை எட்டரை மணி இருக்கும், பாடசாலைப் படலையைத் தள்ளிக்கொண்டு அஸ்ரியா வந்தாள். மாம்பழ நிறத்தில் பூப் போட்ட சல்வார், பெருநாளைக்குத் தைத்தது. கையைப் பிடித்துக்கொண்டு ஸம்ஹா. வெள்ளைப் பர்தாவுக்குள் கரி மீசை. வரைந்தது அஸ்ரியாதான் போலிருக்கிறது, ஒரு பக்கம் உயர்ந்து மறுபக்கம் தாழ்ந்து கிடந்தது. விழா நின்றுபோனதை அதிபர் பிள்ளைகளிடம்தான் சொல்லியனுப்பியிருந்தார். பாடசாலைக்கு வராத பிள்ளைக்கு அது போய்ச் சேரவில்லை, போய்ச் சொல்ல வேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவும் இல்லை.

அஸ்ரியா மண்டபத்தை எட்டிப் பார்த்தாள். கதிரைகள் சுவரோரம் அடுக்கியபடியே இருந்தன.

"பொயட் சேர் வரல்லியா, டீச்சர்?" என்று கேட்டாள் ஸம்ஹா.

"நிப்பாட்டிட்டம், மகள்," என்றார் டீச்சர்.

"ஆருக்காக நிப்பாட்டினீங்க?" அஸ்ரியா கேட்டாள். "அவர் நாளைக்கு வந்து, மகள் எப்பிடிப் பாடினாண்டு கேட்டா நான் என்னத்தச் சொல்ல? உங்கள மவுத்தாக்கிட்டாங்க, அதனால பாடல்லண்டு சொல்லவா? ரெண்டு வருஷத்துக்கு முந்தி கடல்ல காணாமப் போன ஒரு ஆள் நாப்பது நாளைக்குப் பொறகு இந்தியாவுல இருந்து கோல் எடுத்தாரே, அது உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியும், புள்ள. ஆனா அந்தப் பாட்டு... அதுல மாமா கடல்ல விழுந்து..."

"விழுந்து?" அஸ்ரியா மறித்தாள். "விழுந்ததோட பாட்டு முடிஞ்சிட்டுதா? கடைசியா என்ன இரிக்கிண்டு நீங்கதானே படிப்பிச்சீங்க. இவள் ஒவ்வொரு நாளும் சாப்பிடப் போற நேரம் அந்த நாலு வரியையும் சொல்லிப்போட்டுத்தான் கோப்பையில கைய வெக்கிறா."

சோறு போடு பசிக்குதென்று சொந்தக் கதவைத் தட்டினார். பத்து நாளாக டீச்சர் முதலாவது கண்ணியைத் தாண்டிப் போகவே இல்லை. அஸ்ரியாவின் வீடோ நாலாவது கண்ணியில் இருந்துகொண்டு அடுப்பை மூட்டிக்கொண்டிருக்கிறது. மூடி வைத்த அந்த மூன்றாவது கோப்பை அப்போதுதான் அவருக்கு விளங்கியது.

"நான் செஞ்சது பிழை, அஸ்ரியா," என்றார். ஸம்ஹாவிடமும் குனிந்து, "நான் செஞ்சது பிழை, மகள். பொயட் சேரக் கூட்டிட்டு வாறன்," என்றார்.

அங்கே நின்றபடியே லோறன்ஸ் ஐயாவுக்குத் தொலைபேசி எடுத்தார். அவர் ஒரேயடியாக மறுத்துவிட்டார்.

"டீச்சர், என்னை மன்னிக்கோணும். அந்தப் பாட்டை நான் இனி வாயால எடுக்க மாட்டன். அந்தப் பக்கத்தைப் புத்தகத்தில இருந்தே கிழிச்சிட்டன். கடல்ல பிழைக்கிற சனத்துக்கு நடுவில இருந்துகொண்டு எனக்கு என்ன பகிடி வேண்டிக் கிடக்கு?"

தொலைபேசியால் ஆகாததைக் கடிதம் செய்யும் என்பது டீச்சருக்குப் பழக்கம். அன்று பகல் இடைவேளையிலேயே எழுதினார். பத்தொன்பது வருடத்தில் அவர் எழுதியதில் ஆகச் சின்னக் கடிதம் அதுதான்.

'ஐயா, உங்கள் பாட்டைப் பாதியில் நிறுத்திப் பயந்தவர்கள் நீங்களும் நானும்தான். முழுப் பாட்டையும் வைத்துக்கொண்டு ஒரு வீட்டில் தினமும் சோறு ஆக்குகிறார்கள். அந்த வீட்டுப் பிள்ளை மீசை வைத்துக்கொண்டு வந்து உங்களைக் காணாமல் திரும்பிப் போனாள். நீங்கள் வந்து பகிடி விட வேண்டும் என்று நான் கேட்கவில்லை. வந்து அவள் பாடுவதைக் கேளுங்கள். நீங்கள் வராவிட்டால், அவளுடைய வாப்பா வரமாட்டார் என்று நாமெல்லோரும் சேர்ந்து சொன்னதாக ஆகிவிடும்.'

ஒரு கிழமை கழித்துப் பதில் வந்தது. ஒரே வரி: பாலாவிச் சந்தியில் இறங்கினால் அடுத்த பஸ் எத்தனை மணிக்கு?

ஹில்மி போன முப்பத்திரண்டாம் நாள், வியாழக்கிழமை, லோறன்ஸ் ஐயா எத்தாளையில் வந்து இறங்கினார். புத்தகப் படத்தில் சிரிக்கிற ஆளைத் தேடிய பிள்ளைகளுக்கு ஏமாற்றமாக இருந்தது. மெலிந்து, கூனி, காலை இழுத்து இழுத்து நடந்து வந்தார். சிரிக்கவே இல்லை. மண்டபத்தில் பெற்றோர்கள் நிறைந்திருந்தார்கள். முன்வரிசையில் அஸ்ரியா அதே மாம்பழ நிறச் சல்வாரில் இருந்தாள். அவளுக்கு இரண்டு பக்கமும் ஒவ்வொரு கதிரை வெறுமையாகக் கிடந்தது. பின்னால் இருந்த பெண்கள் கிசுகிசுத்ததை டீச்சர் கேட்டார், திரும்பி ஒரு பார்வை பார்த்தார். பார்த்துவிட்டுத் தானே போய் அஸ்ரியாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

ஸம்ஹா மேடைக்கு வந்தாள். தோளில் வாப்பா கொடுத்த வலைத் துண்டு. குரல் முன்னைப் போலவே கணீரென்று வந்தது.

"...தும்மித் தும்மிச் சிரித்தது!"

சொல்லிக் கொடுத்தபடி நிறுத்தினாள். சபை சிரிக்க வேண்டும். ஒருவரும் சிரிக்கவில்லை. பெரியவர்கள் நிலத்தைப் பார்த்தார்கள், பிள்ளைகள் பெரியவர்களைப் பார்த்தார்கள். சிரித்து முடிந்த பிறகுதான் தொடர வேண்டும் என்று பழக்கியிருந்ததால் ஸம்ஹா காத்துக்கொண்டு நின்றாள். அவள் கண்கள் டீச்சரைத் தேடின. டீச்சர் சிரிக்கப் பார்த்தார். ஏதோ ஒரு சத்தம் வந்தது, அது சிரிப்பு இல்லை. ஸம்ஹாவின் மீசை நடுங்கத் தொடங்கியது.

அப்போது மேடைக் கதிரையில் இருந்த லோறன்ஸ் ஐயா தும்மினார்.

சும்மா தும்மல் இல்லை. கதிரையோடு சேர்ந்து குலுங்கி, கண்ணாடி மூக்கிலிருந்து வழுகி மடியில் விழ, 'ஹ... ஹ... ஹச்சூ!' என்று மண்டபம் அதிரத் தும்மினார். ஒரு சின்னது 'கிளுக்' என்றது. அவர் இன்னொரு தும்மல் போட்டார், இம்முறை கைத்தடியும் விழுந்தது. அவ்வளவுதான், முதலாம் வகுப்பு உடைந்தது, பிறகு இரண்டாம் வகுப்பு, பிறகு எல்லோரும். டீச்சருக்குப் பக்கத்தில் அஸ்ரியா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சிரித்தபடியே டீச்சரின் கையைப் பிடித்தாள். அந்தக் கை எவ்வளவு சில்லிட்டிருந்தது என்று டீச்சருக்கு மட்டும்தான் தெரியும்.

ஸம்ஹா கடைசிவரை பாடினாள். நாலாவது கண்ணியை அவள் சபைக்குப் பாடவில்லை, திறந்து கிடந்த வாசலைப் பார்த்துப் பாடினாள்.

பாட்டு முடிந்து கைதட்டலும் அடங்கிய பிறகு, கேள்வி கேட்க விரும்புகிறவர்கள் கேட்கலாம் என்றார் அதிபர். அவருடைய இன்னொரு பாட்டில் டிக்கட் எடுக்காமல் பஸ்ஸில் போன ஆடு பற்றி ஒருவன் கேட்டான், ஐயாவுக்கு எத்தனை பல் இருக்கிறது என்று ஒருத்தி கேட்டாள். எல்லாவற்றுக்கும் லோறன்ஸ் ஐயா மடமடவென்று பதில் சொன்னார், மண்டபம் சிரித்துக்கொண்டே இருந்தது. கடைசியாக ஸம்ஹா கை உயர்த்தினாள்.

"சேர், அந்த மாமா எத்தின நாளைக்குப் பொறகு வந்தார்?"

சிரிப்பு அடங்கியது. வருவார், இன்ஷா அல்லாஹ் என்று யாராவது சொல்லி இந்த நிமிடத்தைக் கடத்திவிட மாட்டார்களா என்று மண்டபமே தவித்தது. டீச்சருக்கும் எழுந்து ஏதாவது சொல்லி மூட வேண்டும் என்று கை பரபரத்தது. சொல்லாமல் இருந்தார். இருப்பது பெரும்பாடாக இருந்தது.

லோறன்ஸ் ஐயா முழங்காலைப் பிடித்துக்கொண்டு மெல்ல எழுந்து ஸம்ஹாவுக்குக் கிட்டப் போனார்.

"எனக்குத் தெரியாது, மகள்," என்றார். "பாட்டு எழுதின ஆள் நான்தான். ஆனா அது எனக்குத் தெரியாது."

ஸம்ஹா அவரை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு தலையை ஆட்டினாள். முப்பத்திரண்டு நாளாக ஆளாளுக்கு வருவார் என்றும், போய்விட்டார் என்றும் அவளுக்குச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். தெரியாது என்று சொன்ன முதல் ஆள் அவர்தான்.

விழா கலைந்தது. டீச்சர் ஒரு ஈரத் துணியோடு ஸம்ஹாவைத் தேடிப் போனார். "வாங்க மகள், மீசைய அழிச்சு விடுறன். வெயிலுக்குக் கடிக்கும்."

ஸம்ஹா இரண்டு கையாலும் மீசையை மறைத்துக்கொண்டாள்.

"வேணாம், டீச்சர். வாப்பா இன்னும் பாக்கல்ல."

டீச்சர் வழக்கமாக இப்படியான இடத்தில் நாலு வார்த்தை ஆறுதல் சொல்லாமல் விடமாட்டார். அன்றைக்கோ அந்தத் துணியை மடித்துப் பைக்குள் வைத்தார். உம்மாவும் மகளும் வலைத் துண்டைச் சுருட்டி எடுத்துக்கொண்டு கடற்கரைப் பாதையால் போவதைப் படலையில் நின்று பார்த்தார். உலை வைக்கிற நேரம் ஆகிவிட்டது என்று அஸ்ரியா எட்டி நடந்தாள்.

வெள்ளிக்கிழமை காலை டீச்சர் இடாப்பைத் திறந்தார். பெயர்களைக் கூப்பிட்டுக்கொண்டு வந்து, ஸம்ஹாவின் பெயரை எட்டினார்.

"ஸம்ஹா ஹில்மி."

"வந்திருக்கிறேன், டீச்சர்."

தலை நிமிர்ந்து பார்த்தார். பாதி அழிந்து, தலையணையில் தேய்ந்து, கன்னத்தில் இழுபட்டுப் போயும் மீசை இன்னும் இருந்தது. வகுப்பில் ஒரு பிள்ளையும் அதைப் பார்த்துச் சிரிக்கவில்லை. டீச்சர் அவள் பெயருக்கு நேரே அடையாளம் போட்டார்.